கூலர் பெட்டியில் உருண்டை இருந்த குளிர்காலம்

மார்கழியில் திருப்பதியின் தரை காலைக் கடிக்கும் என்று சொன்னால், இப்போது என்னோடு வேலை பார்க்கிற சென்னைக்காரர்கள் சிரிக்கிறார்கள். "உங்க ஊர்லயா, குளிரா?" என்று கேட்கிறார்கள். உங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மலையடிவாரத்துத் தெருக்களில் என்னோடு வளர்ந்தவர்கள் நீங்கள். வாளித் தண்ணீரில் விரல் நுனியை விட்டு எடுத்துவிட்டுக் குளித்தாயிற்று என்று சொல்லிப் பள்ளிக்கு ஓடியவர்கள். உங்களில் சிலர் எங்கள் வீட்டுக்குப் பாம்பு பார்க்கவும் வந்தீர்கள். வாசலோடு திரும்பி ஓடியவர்கள் யார் யார் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெயர் சொல்லவில்லை.

அந்தப் பாம்பைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கினால் முதலில் வருவது பாம்பு அல்ல, ஒரு சத்தம். 'டக்'. சற்று நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு மறுபடியும் 'டக்'. சூடு போதும் என்று ஒரு முறை, போதவில்லை என்று ஒரு முறை. ஐப்பசி தொடங்கித் தை பிறக்கிற வரை எங்கள் வீடு அந்தச் சத்தத்தில்தான் மூச்சு விட்டது.

நாங்கள் வடமாலபேட்டைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா திருப்பதியில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த கடையில் ஊரார் வீட்டுப் பழைய ஃப்ரிட்ஜ்கள் எல்லாம் கதவைத் திறந்துகொண்டு நிற்கும். நாங்கள் இருந்தது வாடகை வீடு. பக்கத்து வீட்டில் வீட்டுக்காரம்மா, தெலுங்குக்காரர். எங்கள் தலைக்கு மேலே மொட்டைமாடியில் ஒற்றை அறை. அதில் கால்நடை மருத்துவம் படிக்கிற அக்கா ஒருத்தி தங்கியிருந்தாள். ஊர் தமிழ்நாட்டு எல்லையோரத்துக் குடிபாலா. தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் மாலையானால் எங்கள் சமையலறைக்கு வந்துவிடுவாள்.

தசரா விடுமுறை முடிகிற சமயம், அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா அவளிடம் மெதுவாக ஆரம்பித்தாள்.

"அக்கா, எனுக்கு ஒரு உதவி பண்ணணும். என் ரூம்ல ஒரு ஆள் கீறான். நான் ட்ரெயினிங் போறேன். பொங்கல் வரைக்கும் உங்க வீட்ல வெச்சிக்கிறீங்களா?"

அம்மா கத்தியை வைத்துவிட்டாள். "ஆளா? ஆம்பள ஆளா?"

"ஆம்பளதான். ஆனா பாம்பு."

"போடி இவளே" என்று அம்மா சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

பாம்பு அக்காவுடைய அண்ணனுடையது. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த மலைப்பாம்பு வகை. விஷம் கிடையாது, முழுக்க வளர்ந்தாலும் என் உயரம்கூட வராது. நம்மூர்ப் பாம்பை வீட்டில் வைத்தால் சட்டப்படி குற்றம். இது வெளிநாட்டுப் பாம்பு, முறையாகப் பதிவு செய்தது. அண்ணன் வேலைக்காக வெளிநாடு போனபோது தங்கையிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார். பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்து போலச் சுருண்டுகொள்ளும். அதனால் அக்கா அதை உருண்டை என்று கூப்பிட்டாள்.

கடிக்குமா என்று அம்மா கேட்டாள். என்ன துன்னும் என்று நான் கேட்டேன். கடையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்த நைனா கேட்ட முதல் கேள்வி வேறு.

"அதுக்கு இன்னா டெம்பரேச்சர் வேணும்?"

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "ஒரு பக்கம் முப்பத்திரண்டு, இன்னொரு பக்கம் இருபத்தாறு அண்ணா. எது வேணுமோ அதுவாப் போய்ப் படுத்துக்கும். நம்ம மாதிரி உள்ள சூடு உண்டாக்கத் தெரியாது அதுக்கு. வெளியருந்துதான் வாங்கிக்கணும். கொறஞ்சா சளி புடிச்சி செத்துடும். ஜாஸ்தியானா வெந்துடும்."

"வெந்துடுமா? சுட்டா எழுந்து ஓடாதா?"

"அடிவயித்துல சுட்றது சரியாத் தெரியாது அண்ணா. கதகதன்னு கீதேன்னு அங்கியே படுத்துக்கினே இருக்கும்."

அம்மா வெங்காயத்தைத் தொடவே இல்லை. அக்கா சொன்னதைக் கேட்டுக்கொண்டு அடுப்பைப் பார்த்தபடி நின்றாள்.

அக்கா வைத்திருந்தது மேலே வலை போட்ட கண்ணாடித் தொட்டி. அடியில் பாய் மாதிரி ஒரு ஹீட்டர். நைனா வலைக்கு மேலே புறங்கையை வைத்துப் பார்த்தார். "சூடெல்லாம் மேல போய்க்கினு கீது. இது பெட்டி இல்லம்மா, கூர இல்லாத வீடு" என்றார். மறுநாள் கடையிலிருந்து ஆட்டோவில் ஒரு கூலர் வந்து இறங்கியது. பெட்டிக்கடைகளில் சோடா, கலர் அடுக்கி வைப்பார்களே, முன்னால் கண்ணாடிக் கதவு வைத்து, அதுதான். எரிந்துபோன கம்ப்ரஸரைக் கழற்றியிருந்தார். கூலரின் நெற்றியில் ஒட்டியிருந்த ஆரஞ்சு பானப் படத்தை நான் உரித்துவிட வேண்டாம் என்று கெஞ்சினேன், விட்டுவிட்டார்.

அதைப் படுக்க வைத்து, கண்ணாடிக் கதவு முன்பக்கம் இருக்கும்படி கால் கொடுத்தார். பக்கவாட்டில் காற்றுக்கு ஓட்டைகள் போட்டார். குண்டு பல்பு வைக்கலாமா என்று யோசித்தார். பாம்பு அதைச் சுற்றிக்கொண்டு சுட்டுக்கொள்ளும் என்று அக்கா சொன்னதும் விட்டார். ஹீட்டர் பாயைப் பெட்டியின் இடது பக்கத்தில் மட்டும், தரைத் தகட்டுக்கு அடியில் போட்டார். வலது பக்கம் வெறும் தரை. இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ளக் கவிழ்த்த மண்சட்டி, வாய் உடைத்து. ஒரு தண்ணீர்க் கிண்ணம். தரை முழுக்கச் செய்தித்தாள். கூலருக்குப் போடுகிற கண்ட்ரோலரையே குளிரிலிருந்து சூட்டுக்கு மாற்றிவிட்டார். அதிலிருந்து ஒரு கறுப்பு வயர் உள்ளே போகும். வயரின் நுனியில் குண்டுமணி அளவு ஒரு சென்ஸார். அதைச் சூடான பக்கத்துத் தரையில், தாளுக்கு அடியில் டேப் போட்டு ஒட்டினார். குண்டுமணி முப்பத்திரண்டு என்று சொன்னால் 'டக்', ஹீட்டர் நிற்கும். குறைந்தால் 'டக்', மறுபடி ஓடும்.

"குளுரு வெளிய போவாத செவரு இது. சூட்ட மட்டும் வுட்ருமா?" என்று பெட்டியைத் தட்டிச் சொன்னார். அதைவிடப் பெருமையான குரலில் நைனா பேசி நான் கேட்டதில்லை.

அக்கா போகும்போது ஒரே ஒன்று சொன்னாள். "குளிர்ல அது துன்னாது. பட்டினி கெடக்குதேன்னு பயப்படாதீங்க. தண்ணியும் சூடும் போதும்."

பெட்டி கூடத்தில் இருந்தது. மழை பிடித்துக்கொண்ட பிறகு நாங்களும் கூடத்திலேயே பாய் போட்டோம். படுக்கையறைச் சுவர் ஓதம் காத்து ஈரமாகிவிட்டது என்பது காரணம். ஆனால் பெட்டியைத் தொட்டுக்கொண்டு படுத்தால் முதுகுக்கு இதமாக இருக்கும் என்பதும் காரணம். நான் பெட்டியின் பக்கம், நடுவில் அம்மா, அந்தப் பக்கம் நைனா. உள்ளே விளக்கு கிடையாது. கண்ட்ரோலரின் சிவப்பு எண்கள் மட்டும் அம்மாவின் கன்னத்தில் தெரியும். உருண்டை சில சமயம் சட்டியிலிருந்து தலையை மட்டும் நீட்டிக் கண்ணாடி வழியாக எங்களைப் பார்க்கும். அதற்கு இமை கிடையாது என்பதால் அது தூங்குகிறதா பார்க்கிறதா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

முதல் வாரம் அம்மா பெட்டியைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தாள். பிறகு ஒரு நாள் மழையில் கரண்ட் போயிற்று. நைனா கடையில். நான் என்ன செய்வது என்று நிற்கும்போதே அம்மா அடுப்பில் வெந்நீர் போட்டு, அதைப் பாட்டிலில் ஊற்றி, துண்டைச் சுற்றி, கண்ணாடிக் கதவை ஒரு கை அகலத்துக்குத் திறந்து உள்ளே வைத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வைத்தாள். ஆனால் வைத்தாள். அதன் பிறகு சமையல் முடிந்ததும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பெட்டிக்கு எதிரில் உட்காருவது அவளுக்கு வழக்கமாகிவிட்டது.  எண்களைப் பார்ப்பாள், உள்ளே பார்ப்பாள், மறுபடி எண்களைப் பார்ப்பாள்.

உங்களில் யாருக்கும் நான் இதைச் சொன்னதில்லை. அதற்கு முந்தைய வருடம் எனக்கு ஒரு தம்பி பிறந்தான். நாள் வருவதற்கு வெகு முன்னாலேயே பிறந்துவிட்டான். அவனை வீட்டுக்குக் கொண்டுவரவே இல்லை. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். வயிற்றில் ஒரு சின்ன சென்ஸார் ஒட்டி, அதிலிருந்து ஒரு வயர். பெட்டியின் மேலே சிவப்பு எண்கள். என்னை ஒரே ஒரு முறை தூக்கிக் காட்டினார்கள். நைனா அந்த எண்களையே பார்த்துக்கொண்டு நின்றார். சூட்டையும் குளிரையும் வைத்துப் பிழைக்கிற மனிதர், அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். எண்கள் சரியாகவே இருந்தன. பெட்டியில் ஒரு குறையும் இல்லை. தம்பிதான் இருக்கவில்லை.

அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. கூலர் வந்து இறங்கிய அன்று அம்மாவும் நைனாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமலே வேலை செய்தது ஏன் என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆரஞ்சு பானப் படம்தான்.

தீபாவளி முடிந்த நாலாம் நாள் நாகுல சவிதி. நம் ஊரில் தெலுங்குப் பெண்கள் புற்றுக்குப் பால் ஊற்றப் போவார்களே, எள்ளும் வெல்லமும் இடித்த சிமிலி உருண்டையோடு? எங்கள் வீட்டில் அந்த வழக்கம் கிடையாது. ஆனால் பக்கத்து வீட்டம்மா அன்று காலை தட்டோடு கிளம்பியவர், எங்கள் கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஏமம்மா, நுவ்வு புட்டக்கு எந்துக்கு வெள்ளாலி? நாகேந்த்ருடே மீ இன்ட்லோ உன்னாடு கதா!"

நீ எதற்குப் புற்றுக்குப் போக வேண்டும், நாகேந்திரனே உன் வீட்டில் இருக்கிறானே என்கிறார். அம்மா சிரித்து மழுப்பினாள். "இது ஆப்பிரிக்காப் பாம்பும்மா. இதுக்கு நாகுல சவிதியெல்லாம் தெரியாது."

அந்தம்மா குரலைத் தாழ்த்தி, தமிழுக்கு மாறினார். "எந்த ஊராயிருந்தா இன்னா. கேளு. கேட்டாக் குடுப்பான்."

நான் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அம்மா வாசலில் நின்று எனக்குத் தலையாட்டினாள். கை மட்டும் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தது.

மாலையில் வந்தபோது வீட்டில் எள் வாசனை. அம்மா தலைக்குக் குளித்து, பூ வைத்து, எப்போதுமில்லாத முகத்தோடு இருந்தாள். எனக்கு ஒரு சிமிலி உருண்டை கொடுத்தாள். கண்ணாடிக் கதவில் மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தாள். கதவின் கைப்பிடியில் மஞ்சள் துணியில் பொம்மை போல ஏதோ கட்டித் தொங்கியது. உள்ளே கிண்ணத்தில் வெள்ளையாகப் பால். உருண்டை சூடான பக்கத்துச் சட்டிக்குள் இருந்தது. நான் உருண்டையைத் தின்றுகொண்டே உருண்டையைப் பார்த்தேன், அதை நானே சொல்லிச் சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள்.

நைனா அன்று சீக்கிரம் வந்துவிட்டார். செருப்பைக் கழற்றினவர், ஒரு காலில் அப்படியே நின்றார்.

"சத்தம் எங்க?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. 'டக்' இல்லை. ஹீட்டர் ஓடுகிற விளக்கு மட்டும் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. கண்ட்ரோலரில் எண் இருபத்துநாலு. அது பெட்டியின் சூடு அல்ல, கூடத்தின் சூடு. குண்டுமணி பெட்டிக்கு மேலே, ஒரு பழந்துணியின் மீது, சுத்தமாகத் துடைத்து வைக்கப்பட்டிருந்தது.

நைனா ப்ளக்கைப் பிடுங்கினார். கதவைத் திறந்ததும் பால் திரிந்த புளிப்பு வாசனையோடு வெக்கை முகத்தில் அடித்தது.

"யாரு இத்த வெளிய எடுத்தது?"

"பால் சிந்திட்சி. கரண்ட் அடிக்கப் போவுதுன்னு எடுத்துத் தொடச்சி, காயட்டும்னு மேல வெச்சேன்."

"பாலா? பாம்புக்கு எவனாவது பால் ஊத்துவானா? காலைலருந்து நிக்காம வெந்துக்கினு கீது உள்ள! மொதல்லருந்தே உனுக்கு இது ஆவாது. புடிக்கலன்னா வாயத் தெறந்து சொல்றதுதானமே? அத்த வுட்டுட்டு..."

 பேசிக்கொண்டே கதவை இன்னும் அகலத் திறக்கப் போன கை, கைப்பிடியில் கட்டியிருந்த மஞ்சள் துணியில் பட்டது. நைனா அதைப் பிடித்துப் பார்த்தார். நான் பொம்மை என்று நினைத்தது பொம்மை இல்லை. ஒரு சின்னத் தொட்டில். பிள்ளை வேண்டும் என்று கோயில் மரங்களில் கட்டுவார்களே, அந்தத் தொட்டில். உள்ளே ஒரு கூழாங்கல் படுத்திருந்தது.

நைனா அதை அவிழ்க்கவில்லை. மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டார். அம்மா சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள்.

"செத்துப்போச்சாங்க?" என்று கேட்டாள்.

சாகவில்லை. சட்டியை எடுத்ததும் உருண்டை நாக்கை நீட்டியது. நைனா இரண்டு கைகளாலும் தூக்கிப் புரட்டினார். வெள்ளையாக இருக்க வேண்டிய அடிவயிற்றில் சிவப்பாகத் திட்டுத் திட்டாக, ஒரு இடத்தில் கொப்புளம். அக்கா சொன்னது போலவே, கதகதவென்று இருக்கிறதே என்று படுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. நைனா போனில் அக்காவிடம் பேசினார். அக்கா திட்டவில்லை. கால்நடை ஆஸ்பத்திரியில் தனக்குத் தெரிந்த டாக்டரம்மாவிடம் சொல்லிவைக்கிறேன், இப்போதே கொண்டுபோங்கள், வழியில் குளிராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

தலையணை உறையில் போட்டுக் கட்டி, யார் பிடித்துக்கொள்வது என்று நைனா என்னைப் பார்த்தார். அம்மா எழுந்து வந்து வாங்கிக்கொண்டாள். அதுவரை ஒரு முறைகூட அதைத் தொடாதவள். வண்டியில் நைனாவுக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் அம்மா. தூறலில் உறை நனையாமல் தலைப்புக்குள் வைத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். என் முதுகில் அது அசைவது எனக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் ஓர் ஆடு, இரண்டு நாய். ஆட்டோடு வந்திருந்த பெரியவர் அம்மாவின் மடியைப் பார்த்தார்.

"இன்னாம்மா உள்ள, கோழியா?"

"பாம்பு."

பெரியவர் ஆட்டை இழுத்துக்கொண்டு இரண்டு பெஞ்சு தள்ளிப் போனார். பிறகு அங்கிருந்தே கேட்டார். "அதுக்கு ஒடம்பு சரியில்லன்னு எப்பிடிம்மா தெரியும்?"

 அம்மா உறையின் மேல் கையை வைத்தபடி, "சுடுதா, சுடுதா" என்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா சுத்தம் செய்து, களிம்பு தடவக் காட்டிக்கொடுத்தார். தினமும் கழுவ வேண்டும், வெள்ளைத் தாளின் மேல்தான் படுக்க வேண்டும். "இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. சீழ் வைக்காம இருக்கணும். அடுத்த தோல் உரிக்கறப்பதான் தெரியும்" என்றார்.

நம் ஊரில் பாம்புக்குத் தீங்கு செய்தால் என்ன ஆகும் என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா முதலில் சொன்னது, "காளாஸ்திக்குப் போவணும். பரிகாரம் பண்ணணும். இது செத்துச்சுன்னா எனுக்கு இனிமே..."  ஒன்றைக் கேட்பதற்காகப் பால் ஊற்றப் போய், கேட்ட இடத்தையே சுட்டுவிட்டோம் என்பது அவள் கணக்கு. உருண்டை பிழைக்காவிட்டால் அந்தக் கணக்கை எந்தக் கோயிலும் நேர் செய்திருக்காது. அது நைனாவுக்கும் தெரிந்திருந்தது.

"காளாஸ்திக்கும் போலாம்" என்றார். "மொதல்ல இங்க வா. உக்காரு."

பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்து, டார்ச்சை அம்மாவின் கையில் கொடுத்தார். "இந்தக் கறுப்பு மணி இன்னா தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாதுதான். நான் உனுக்குச் சொல்லவே இல்ல. பாம்புன்னா பயப்படறவ, இதுகிட்ட எங்க வரப்போறான்னு நெனச்சிக்கினேன். தப்பு என்து." பிறகு சொன்னார். "இதான் இதுக்குக் கண்ணு. கண்ண எடுத்து வெளிய வெச்சா, வெளிய குளுருதுன்னு உள்ள சூடு ஏத்திக்கினே இருக்கும்."

அம்மா டார்ச்சை அந்த மணிக்குக் கிட்டே கொண்டுபோனாள். "தம்பி வயித்துல ஒட்னாங்களே. அது இதானா?"

"அதான்."

தம்பியைப் பற்றி அவர்கள் இருவரும் பேசி நான் கேட்ட முதல் பேச்சு அதுதான். ஒரு கேள்வி, ஒரு பதில்.

அதன்பின் நைனா பெட்டியை மறுபடி கட்டினார். குண்டுமணியை டேப்பில் நம்பாமல், தகடு வைத்துத் திருகி முடுக்கினார். அது தவறிப்போனாலும் சூடு ஒரு அளவைத் தாண்டினால் தானே அணைத்துவிடுகிற கட்-ஆஃப் ஒன்றைத் தனியாக வைத்தார். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனித் தெர்மாமீட்டர், கண்ட்ரோலரோடு சம்பந்தமில்லாதவை. ஹீட்டருக்கு மேலே ஒரு மெல்லிய மரப்பலகை, வயிறு நேராகத் தகட்டில் படாமலிருக்க. ஒவ்வொன்றையும் வைத்ததும் இது எதற்கு என்று அம்மாவைச் சொல்லச் சொன்னார். அம்மா சொன்னாள். தவறாகச் சொன்னபோது, "மறுபடி" என்றார். திட்டுகிற குரல் இல்லை. அந்தக் குரலில் அவர்கள் பேசிக்கொண்டிருக்க, நான் பக்கத்தில் படுத்துத் தூங்கிப்போனேன். அப்படித் தூங்கியது போல் பிறகு எங்கும் தூங்கவில்லை.

கார்த்திகை முழுக்க, மார்கழி பாதிவரை, களிம்பு தடவியது அம்மாதான். காலையில் நைனா உருண்டையைப் பிடித்துக்கொள்வார். அம்மா மருந்துத் தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒற்றுவாள். "சும்மா இருடா, சும்மா இருடா, ஆயிட்ச்சி, ஆயிட்ச்சி" என்று பேசிக்கொண்டே செய்வாள். முதலில் 'அது' என்றவள், 'உருண்ட' என்று வந்து, 'டா'வில் நின்றாள். வாசலில் கோலம் போட்டுக் குளிர்ந்த விரல்களைப் பெட்டியின் மேல் வைத்துச் சூடு ஏற்றிக்கொண்டு பிறகுதான் அதைத் தொடுவாள். எனக்கு ஜடை பின்னும்போதுகூட அவள் அப்படிச் செய்ததில்லை என்று ஒரு நாள் கோபித்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து எனக்கும் செய்தாள்.

மார்கழி நடுவில் உருண்டையின் கண்கள் பால் கலந்தது போல நீலமாயின. தோல் மங்கியது. டாக்டரம்மா சொன்ன நேரம் வந்துவிட்டது. அம்மா ஈரத்துணி வைத்த டப்பா ஒன்றை உள்ளே வைத்துவிட்டு, கண்ணாடிக்கு எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பல நாட்கள் அது டப்பாவுக்குள்ளேயே கிடந்தது. அந்த நாட்களில் எங்கள் வீட்டுச் சாம்பாரில் உப்பு இருந்ததில்லை. நானும் நைனாவும் ஒன்றும் சொல்லாமல் தின்றோம்.

ஒரு காலை நான் எழுந்தபோது அம்மா ஜன்னலருகே நின்றிருந்தாள். கையில் நீளமாக, கண்ணாடிக் காகிதம் போல, ஒரே துண்டாக உரிந்த சட்டை. அதன் அடிப்பக்கத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒவ்வொரு செதிலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுட்ட இடத்துச் சொரசொரப்பெல்லாம் அந்தச் சட்டையில் வந்துவிட்டிருந்தது. நைனா உருண்டையைப் புரட்டிக் காட்டினார். வயிற்றில் சில செதில்கள் கோணலாக, இளஞ்சிவப்பாக. மற்றதெல்லாம் புதுசு. உருண்டை வாயைப் பெரிதாகத் திறந்து கொட்டாவி விட்டது.

"பசிக்கிது போல கீது அதுக்கு" என்றாள் அம்மா. பிறகு சமையலறைக்குப் போனாள். வெகுநேரம் குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. நைனா என்னை உள்ளே போகவிடவில்லை.

இப்போது நான் ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறேன். சூடேறுகிற இயந்திரங்களுக்குச் சென்ஸார் பொருத்துவதும் சரிபார்ப்பதும்தான் வேலை. ஒவ்வொரு இயந்திரத்தின் முன்னாலும் மனதுக்குள் மூன்று கேள்வி கேட்டுக்கொள்வேன். சென்ஸார் எங்கே இருக்கிறது? அது தவறினால் எது நிறுத்தும்? இங்கே துடைக்க வருகிறவருக்கு இது என்னவென்று யாராவது சொன்னார்களா? முதல் இரண்டும் படிப்பில் இருந்தன. மூன்றாவது எந்தப் பாடத்திலும் இல்லை. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எள் வாசனை வருகிறது.

அந்தக் கூலர் இப்போது இல்லை. வீடு மாறியபோது பழைய இரும்புக்குப் போய்விட்டது. ஆரஞ்சுப் படத்தையாவது உரித்து வைத்திருக்கலாம். அந்தத் தம்பிக்குப் பின் எங்கள் வீட்டுக்கு இன்னொரு குழந்தை வரவில்லை. அம்மா அதற்காக உருண்டையை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. தொலைக்காட்சியில் பாம்பு வந்தால் மட்டும், "வயித்தக் காட்டு பாப்போம்" என்பாள்.

அந்தக் குளிர்காலம் முடிந்து, போகிக்கு மறுநாள் அக்கா வந்தாள். உருண்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தழும்பைத் தடவிப் பார்த்தாள். "என்னவிட நல்லாப் பாத்துக்கினீங்க" என்றாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அக்காவுக்குப் படிப்பு முடிகிற நேரம். உருண்டையைக் குடிபாலாவுக்குக் கொண்டுபோகிறாள், இனி அங்கேதான். கூலரைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது. பழைய தொட்டிக்கு மூடி செய்து, கட்-ஆஃபும் பொருத்தி நைனா தயாராக வைத்திருந்தார். உருண்டை அதே தலையணை உறையில் போயிற்று. அம்மா உறையைக் கட்டிக் கொடுத்தாள். முடிச்சை ஒரு முறை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

பஸ் ஏற்றிவிட்டு வந்தோம். கூடத்தில் வெறும் பெட்டி. உள்ளே புதுத் தாள், கிண்ணத்தில் தண்ணீர், இரண்டு சட்டி. கைப்பிடியில் தொட்டில். சிவப்பு எண் முப்பத்திரண்டு.

நைனா ப்ளக்கைப் பிடுங்கக் குனிந்தார்.

"இருக்கட்டுங்க" என்றாள் அம்மா.

கண்ணாடிக் கதவைத் திறந்து, சூடான பக்கத்தில் கையை வைத்தாள். உள்ளங்கையை அப்படியே விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலிப் பெட்டிக்குக் கரண்ட் ஓட்டுகிற மெக்கானிக் உலகத்தில் யாரும் கிடையாது. நைனா நிமிர்ந்தார். ப்ளக்கை விட்டுவிட்டு வந்து அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவரும் கையை உள்ளே விட்டார். என்னைப் பார்த்து, வா என்று தலையை அசைத்தார்.

மூன்று கைகளும் உள்ளே இருந்தன. தரை கதகதவென்று இருந்தது.

"டக்" என்றது பெட்டி.